வாள்பள்ளிக்கு அண்ணி கொடுத்த குரல்

அண்ணியின் குரலை நான் முதன்முதலாக முழுதாகக் கேட்டது, அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்கள் ஆன பிறகுதான். கல்லூரி விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தொலைக்காட்சியில் வாள்கள் உரசும் சத்தம் கேட்டது. அண்ணி தரையில் உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி உரித்துக்கொண்டிருந்தார். திரையில், வரையப்பட்ட இரண்டு பெண்பிள்ளைகள் எதிரெதிரே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி வாளைத் தரையில் வைத்துவிட்டு, மற்றவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். அண்ணியும் அவளோடு சேர்ந்து சொன்னார். தொலைக்காட்சியின் தமிழை விட்டுவிட்டுத் தன்னுடைய தமிழில் சொன்னார். "நீ சொன்னத நான் சொல்லுதேன், சரியான்னு கேட்டுக்க. ஒங்க அய்யா செத்ததுக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் வரல. அதுக்காகத்தான் நீ நிக்க." தாழ்ந்த குரல்தான். ஆனால் எதிரே ஒரு ஆள் உண்மையிலேயே நிற்பதுபோல இருந்தது.

நான் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார். நான் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, ஒரு கை வெங்காயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் எதற்காக வாளைக் கீழே வைத்தாள் என்று கேட்டேன். அண்ணி முதலில் ஒரே வரியில் பதில் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். இன்னும் இரண்டு வரி வந்தது. முறம் காலியாவதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அன்று பேசியதற்கு ஈடாகாது.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து வடகரப்பதிப் பக்கம். தோப்பு வரப்பில் நின்று பார்த்தால் தெரிகிற பனைமரங்கள் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருக்கும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். தென்னந்தோப்பையும் காய்கறிக் காட்டையும் அம்மாதான் நின்று பார்த்துக்கொண்டாள். ஆள் வைத்து வேலை வாங்குவது, வியாபாரியிடம் விலை பேசுவது, போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் ரிப்பேர்காரனைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவள்தான். அதனால் அவளுக்கு ஒரு கட்டைக்குரல் அமைந்திருந்தது. தோப்பின் இந்த முனையில் நின்று பேசினால் அந்த முனையில் தேங்காய் உரிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அண்ணன் பிக்கப் வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்க் கடைகளுக்குப் போட்டு வருவான். அப்படிப் போன இடத்தில், தேவிகுளத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏலக்காயும் டீத்தூளும் விற்கும் கடையில் வேலை பார்த்தவர்தான் அண்ணி. அவருடைய அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டில் வேலை. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். முன்னோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர்கள். கடை வாசலில் நின்று மலையாளிக்கு மலையாளத்திலும், வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் இந்தியிலும், மதுரைக்காரர்களுக்கு மதுரைப் பேச்சிலும் ஆளுக்கொரு குரலில் கூப்பிடுவாராம். அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் விழுந்தேன் என்று அண்ணனே சொல்லியிருக்கிறான்.

கல்யாணத்தை அம்மா மறுக்கவில்லை. சம்மதித்தாள் என்றும் சொல்ல முடியாது. சொந்தத்தில் அவள் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். எஸ்டேட்டில் வேலை செய்கிற குடும்பத்திலிருந்து பெண்ணெடுப்பதைப் பற்றி உறவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். தேவிகுளத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். அம்மா வந்தாள், செய்ய வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்தாள். வீடு திரும்பிய பிறகு மருமகளிடம் நேராக ஒரு சொல் பேசவில்லை. "உலை வெக்கச் சொல்லு", "வெளக்குப் பத்தவெக்கச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவோ அண்ணன் வழியாகவோதான். அண்ணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம். அந்தச் சொல் அவருக்கு விளங்கவில்லை, அதனால் நான் அண்ணி என்றே கூப்பிடத் தொடங்கினேன். விளங்காமல் போனது அது ஒன்று மட்டுமில்லை. வந்த புதிதில் ஒரு நாள் அம்மாவுக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து "உள்ள வாங்க, இருங்க" என்றார். அவர் ஊரில் இருங்க என்றால் உட்காருங்கள் என்று பொருள். எங்கள் ஊரில் பொறுங்கள் என்று பொருள். பெரியவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். காப்பியோடு வந்த அண்ணி, இவர் ஏன் இன்னும் நிற்கிறார் என்று புரியாமல் மறுபடியும் "இருங்க" என்றார். அவரும் மறுபடியும் பொறுத்தார். தோப்பிலிருந்து அம்மா வந்துதான் அவரை உட்கார வைத்தாள். இந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் சொல்லுதேன், வாரேன், அங்ஙன, இங்ஙன என்று அவர் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. அண்ணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் ம், சரி, இல்லை என்பதோடு நின்றுவிட்டார். அண்ணனுக்கு இது உறுத்தியது. ஆனால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவருக்கு என்று இருந்தது மாலை நேரத்து அந்தத் தொடர் ஒன்றுதான். குழந்தைகள் சேனலில் ஜப்பானியப் பொம்மைத் தொடர்களைத் தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். லயத்தில் இருந்தபோதே தம்பி தங்கைகளோடு பார்க்கத் தொடங்கியிருந்தார். தொடரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தமிழில் அதற்கு வைத்த பெயரைக் கேட்டால் யாருக்கும் பார்க்கத் தோன்றாது. கதை ஒரு பாறைத் தீவில் நடக்கிறது. அதன் உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான், ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை. வாள்களின் முனை மழுங்கியிருக்கும், யாரும் சாவதில்லை. தோற்றவர் இடுப்பில் கட்டியிருக்கும் வண்ணக் கயிற்றை அவிழ்த்து வென்றவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த படகில் ஊருக்குத் திரும்ப வேண்டும். அண்ணியைப் பிடித்திழுத்தது சண்டைக்கு முன்னால் வருகிற சடங்கு. சண்டைக்கு அழைத்தவர் தன் காரணத்தைச் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் அதைக் கூட்டாமல் குறைக்காமல் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகே கீழே வைத்த வாளை எடுக்கலாம்.

இதைச் சும்மா ஒரு விளையாட்டு விதியாக வைத்துக் கதையை ஓட்டியிருக்கலாம். அந்தத் தொடரை எடுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. பல சண்டைகள் அந்தத் திருப்பிச் சொல்லுதலிலேயே முடிந்துபோகும். எதிராளியின் காரணத்தைத் தன் வாயால் சொல்லிக்கொண்டு வருகிறவன் பாதியில் குரல் உடைந்து உட்கார்ந்துவிடுவான். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. வார்த்தை சரியாக இருந்தும் தொனியில் ஏளனம் வைத்து, "நீ சொன்னது அதுவல்ல" என்று மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. குறை சொல்லவும் நிறைய இருந்தது. நடுவில் பந்தயம் என்று ஒன்று வைத்து வாரக்கணக்கில் இழுத்தார்கள். பிள்ளைகள் படியேறுகிற ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சமையற்கட்டு ஆடு ஒன்று சிரிப்புக்காக வந்து உயிரை வாங்கும். எந்தக் காட்சியிலும் பாதி இடத்தைப் பனிமூட்டத்தால் மூடியிருப்பார்கள். வரைகிற வேலை மிச்சம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். அண்ணி சிரித்துவிட்டு, தேவிகுளத்திலும் அப்படித்தான், மஞ்சு இறங்கிவிட்டால் சாமிக்கும் வரைய ஒன்றுமிருக்காது என்றார். அவர் ஊரில் பனிமூட்டத்தை மஞ்சு என்பார்கள்.

கதாநாயகி ஒரு படகோட்டியின் மகள், இடதுகைக்காரி. அவளுடைய அம்மாவும் ஒரு காலத்தில் அதே பள்ளியில் படித்து, தோற்று, கயிற்றை இழந்து ஊர் திரும்பியவள். அவளைத் தோற்கடித்த தோழிதான் இப்போது பள்ளியின் பெரிய ஆசிரியை. அந்த ஒரு சண்டையில் மட்டும் காரணம் சொல்லப்படவில்லை. சொல்லாமலே அந்தத் தோழி வாளை உருவிவிட்டாள். மகள் பள்ளியில் சேர்ந்ததே அந்தக் காரணத்தைக் கேட்கத்தான். மொத்தத் தொடரும் அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது. எங்கள் தெருப் பிள்ளைகளும் பார்த்தார்கள். சண்டை வரும்போது அவர்கள் துள்ளுவார்கள். சண்டை வராதபோது அண்ணி துள்ளுவார். அம்மா அந்த வழியாகப் போகும்போது, பொம்மைப் படம் பார்க்கிற வயசா இது என்று என்னிடம் கேட்பாள். என்னிடம் கேட்டாலும் அது யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் மாலை, அரங்கத்தில் பெரிய ஆசிரியையும் படகோட்டியின் மகளும் எதிரெதிரே நின்றார்கள். ஆசிரியை காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். தொடரும் என்று போட்டார்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் வேறு ஏதோ ஒரு ரோபோ தொடர் வந்தது. அதற்கடுத்த வாரமும் அதுவே. சேனல்காரர்கள் மிச்சத்தைத் தமிழில் செய்யவில்லை, செய்யப்போவதுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணி பல வாரம் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் ரோபோவுக்கு மாறிவிட்டார்கள் என்றாலும், அவ என்ன சொன்னா என்று இடையிடையே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் முழுத் தொடரும் இருந்தது. ஜப்பானியப் பேச்சு, கீழே ஆங்கில வரிகள். அண்ணி எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படித்தவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் அர்த்தம் சொல்ல, அவர் படத்தை நிறுத்தி நிறுத்தித் தாளில் தமிழில் எழுதத் தொடங்கினார். முதலில் எங்கள் இரண்டு பேருக்கென்றுதான் தொடங்கியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவர் எழுதிய விதம். நான் சொன்ன அர்த்தத்தை அப்படியே எழுதமாட்டார். வரையப்பட்ட வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று பார்ப்பார். அதற்குள் அடங்குகிற வார்த்தை கிடைக்கும்வரை உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பார். பிறகு நாங்கள் தோப்பிலிருக்கும் மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்ப்போம். அங்கே மோட்டார் சத்தத்தில் அவர் குரல் வெளியே கேட்காது. படகோட்டியின் மகளுக்கு அவர் தன் சொந்தப் பேச்சையே கொடுத்தார். பெரிய ஆசிரியைக்குப் பல குரலில் பேசிப் பார்த்தும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு நாள் அந்த ஆசிரியை பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டும் இடத்தில், "வெசயா வாங்க சாமி, பொழுது போயிட்டிருக்குதல்ல" என்று ஒரு கட்டைக்குரல் வந்தது. நான் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தேன். அம்மா வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அண்ணியும் தன் வாயிலிருந்து வந்த குரலுக்கே பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு வேறு எந்தக் குரலும் அந்த ஆசிரியைக்குப் பொருந்தவில்லை.

கேலி செய்வதற்காக அவர் அந்தக் குரலை எடுக்கவில்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டில் அவர் செய்ததெல்லாம் அம்மா பேசுவதைக் கேட்டதுதான். தன்னிடம் பேசாதவளின் பேச்சை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டிருக்க முடியாது. எங்கே இழுப்பாள், எங்கே நிறுத்துவாள், கோபத்தில் எந்தச் சொல்லை விழுங்குவாள் என்று பெற்ற மகளான எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன்தான் கடைசிச் சில பகுதிகளை வாயனசாலையில் போடலாம் என்றான். எங்கள் ஊர் நூலகத்தை எல்லாரும் மலையாளத்தில் வாயனசாலை என்றே சொல்வோம். அதன் செக்ரட்டரி நல்ல மனிதர். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று நிகழ்ச்சி ஒன்றும் நடத்துவதில்லை என்ற குறை அவருக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலைத் தருவதாகச் சொன்னார். ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டினோம். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கினோம். கோயில் மைக் வந்தது. பிள்ளைகள் வருவார்கள் என்று பார்த்தால், பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். அண்ணி ஏதோ செய்யப்போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவள் பொள்ளாச்சி சந்தைக்குப் போயிருந்தாள். அண்ணி திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தாள்களை அடுக்கினார். ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. பேசிருதேன்" என்றார்.

முதல் வரியில் படகோட்டியின் மகள் சொல்லுதேன் என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவை சிரிப்புக் குறைந்தது. பிறகு இல்லை. அவள் வேறு தீவிலிருந்து வந்தவள், வேறு மாதிரித்தானே பேசுவாள் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பேச்சுக்காக ஊர் அவ்வளவு நாள் சிரித்ததோ அந்தப் பேச்சை அவள் வாயில் வைத்தவுடன் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆடு பேசியது, சமையற்காரன் பேசினான், கிழட்டு வாத்தியார் இருமிக்கொண்டே பேசினார். எல்லாமே அந்த ஒரு ஸ்டூலிலிருந்து வந்தன. பெரிய ஆசிரியை வாயைத் திறந்தபோது ஹால் அதிர்ந்தது. யாருடைய குரல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள், பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசிப் பகுதி தொடங்கி, அரங்கத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கிற இடம் வந்தது. அப்போது கதவோரம் வெளிச்சம் விழுந்தது. அம்மா நின்றாள். சந்தையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கையில் பை இருந்தது. வழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அண்ணி பார்த்துவிட்டார். திரையில் ஆசிரியையின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஒரு வரி சத்தமில்லாமல் போயிற்று. அண்ணன் லேப்டாப்பை நிறுத்தக் கையை நீட்டினான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். குரலை மாற்றிப் பேசியிருக்கலாம். அவருக்கு அது கஷ்டமே இல்லை. மாற்றவில்லை. அதே கட்டைக்குரலில், ஆனால் அம்மா வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது பேசுகிற தணிவோடு, தொடர்ந்தார்.

"சொல்றேன் கேட்டுக்க சாமி. உங்கம்மா என்னைய விடக் கெட்டிக்காரி. அன்னைக்கு நா தோத்திருந்தா இந்த எடத்த உட்டுப் போயிருக்கோணும். எனக்குப் போறதுக்கு வேற ஊடு இல்ல. சொன்னா அழுதுருவேன்னு பயந்துட்டு, சொல்லாமயே வாள உருவிட்டேன்."

விதிப்படி மகள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணி தாளைப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னத நான் சொல்லுதேன். எங்கம்மை ஒங்கள விடக் கெட்டிக்காரி. தோத்திருந்தா நீங்க போயிருக்கணும். போறதுக்கு ஒங்களுக்கு வேற வீடு இல்ல. சொன்னா அழுதுருவோம்னு பயந்து, சொல்லாமலே உருவிட்டீக. சரியா?" திரையில் ஆசிரியைக்குப் பின்னால் பனிமூட்டம் நகர்ந்தது. ஹாலில் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது, ஸ்டூலிலிருந்து. "ஆமா சாமி. நாஞ் சொன்னது அதுதான்."

சண்டை நடக்கவில்லை. ஆசிரியை தன் இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். அந்த வரிகளை எழுதியது அண்ணி இல்லை, ஜப்பானில் முகம் தெரியாத யாரோ எழுதியது. ஆனால் என் அம்மாவுக்கும் போக வேறு வீடு இருந்ததில்லை. பிறந்த வீட்டை அவள் சகோதரர்கள் விற்றுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணிக்கு இது தெரியாது. தார்ப்பாயை அவிழ்த்து வெளிச்சம் வந்தபோது அம்மா அங்கே இல்லை. எல்லாரும் அண்ணியைச் சுற்றி நின்று கொண்டாடினார்கள். அவர் கண் கதவிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் நின்றோம். அண்ணன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அம்மா அவனைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராக அண்ணியிடம் பேசினாள்.

"அழுதுருவேன்னு நாங்க சொல்ல மாட்டம். கண்ணுல தண்ணி உட்டுருவன்னு சொல்லுவம். அடுத்தவாட்டி பேசறப்ப மாத்திக்க."

அண்ணி "சரி அத்தை" என்றார்.

"நீ பேசறது நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொம்பள அப்பறம் எங்க போனா? ஊட்ட உட்டுத் தொரத்திட்டாங்களா?"

துரத்தவில்லை, கயிறு இல்லாமலேயே அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பிள்ளையும் கூடவே இருந்தாள் என்று அண்ணி சொன்னார். அம்மா கொஞ்சநேரம் கீரையை உருவினாள். "அதான பாத்தேன்" என்றாள். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அண்ணி உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் போனில் எடுத்திருந்த அந்த மதியத்தின் பதிவை வைத்துத்தான் பின்னால் சென்னையில் ஒரு குரல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எழுதிப் போட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். தேங்காய் வெட்டு நேரம், அண்ணனால் வர முடியவில்லை. நானும் வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும், அந்தப் பக்கம் மைக் முன்னால் அண்ணி. பொறுப்பாளர் மரியாதையான மனிதர். குரல் அருமை, ஆனால் பேச்சில் ஊர் வாடை வருகிறது, இங்கே எல்லா ஊருக்கும் பொதுவான தமிழ் வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். அம்மாவின் முகம் இறுகியது. அண்ணி, அவரையே ஒரு முறை பேசிக்காட்டச் சொன்னார். எப்படி வேண்டுமோ அப்படித் திருப்பிச் சொல்வதாகச் சொன்னார். அவர் பேசினார். அண்ணி திருப்பிச் சொன்னார், அவருடைய ஏற்ற இறக்கம், மூச்சு, நடுவில் தொண்டையைச் செருமியது உட்பட. கருவிகளுக்கு முன்னால் இருந்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார். பொறுப்பாளரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே ஒரு குருவிக்குப் பேசும் சின்ன வேலை கிடைத்தது. திரும்பி வந்த ரயிலில் அம்மா எதிரே இருந்த குடும்பத்திடம் அவர்கள் கேட்காமலே சொன்னாள்: "என்ற மருமவளுக்கு ஏழெட்டுக் குரல் இருக்குதுங்." அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் வேலைக்காகக் கொச்சியில் இருக்கிறேன். குருவியில் தொடங்கிய அண்ணி இப்போது மந்திரியாகவும் சூனியக்காரியாகவும் பள்ளிச் சிறுவனாகவும் பேசுகிறார். பாதி வேலை வீட்டிலேயே நடக்கிறது. தேங்காய் போட்டு வைத்திருந்த அறையில் பழைய மெத்தைகளை நாலு சுவரிலும் அடித்து, மைக் வைத்திருக்கிறார்கள். அவர் உள்ளே போனால் அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, தோப்பில் சத்தமாகப் பேசுகிறவர்களைப் போய் அடக்கிவிட்டு வருகிறாள். நான் கேட்ட தமிழ்க் குரல்கள் எத்தனையோ உண்டு. அழகான குரல்கள், படித்த குரல்கள். எதிராளி சொன்னதை அவனுக்கே நியாயமாக இருக்கும்படி திருப்பிச் சொல்கிற குரல் அண்ணியுடையது என்று நினைக்கிறேன். இதை அவரிடம் சொன்னால் வெட்கப்படுவார். அந்த வாள்பள்ளித் தொடரின் முடிவு இன்றுவரை தமிழில் வரவில்லை. எங்கள் வாயனசாலையில் ஒரு மதியம் பேசப்பட்டதோடு சரி. அன்று தரையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அண்ணியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

போன மாதம் விடுமுறைக்குப் போயிருந்தேன். அண்ணி முதன்முதலாகக் கதாநாயகிக்குப் பேசிய தொடர் ஒன்று அப்போதுதான் ஒரு ஓடிடி செயலியில் வந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்து முதல் பகுதியைப் பார்த்தோம். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், மருமகளின் பெயர் வரும்போது சொல்லு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இதோ என்று சொல்வதற்குள் அடுத்த பகுதி தானாகவே தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னால் போ, அங்கேயே நிறுத்து என்றாள். அண்ணன் போய் நிறுத்தினான். அம்மா எழுந்து தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நின்று, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"பேரு மட்டும்தான் போட்டிருக்குதா? ஊர்ப் பேரு போடலயா?"

ஊர் போடுகிற வழக்கமில்லை என்று சொன்னோம். அது எப்படி, எந்த ஊர்க்காரி என்று தெரியவேண்டாமா, அடுத்த தடவை போடச் சொல் என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரப் போடச் சொல்ல அத்தை? தேவிகுளமா, நம்ம ஊரா?"

அம்மா திரையை விட்டுத் திரும்பவில்லை.

"ரெண்டையும் போடச் சொல்லு" என்றாள். "தேவிகுளத்த மொதல்ல போடச் சொல்லு."